உப்பு ஏரிக்கரையில் தேடியது

1

மிதிவெடி அகற்றும் வேலையில் என்னோடு வெயிலில் முழங்காலில் நின்ற பெண்கள் யாராவது இதை வாசித்தால் சிரிப்பார்கள். இந்த நாட்டில் ஆட்கள் சொந்தக் காசில் மண்ணுக்குள் உலோகம் தேடும் அதே மாதிரி மெஷினை வாங்கி, சனி ஞாயிறுகளில், பொழுதுபோக்குக்காகக் கரையோரமெல்லாம் நிலத்தைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். தலையில் தொப்பி, காதில் ஹெட்போன். சிலர் விசில்கூட அடிக்கிறார்கள். மண்ணுக்குக் கீழே இருந்து சத்தம் வந்தால் சந்தோஷப்படுகிறார்கள்.

அப்படி ஒரு மெஷின் போன மே மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் இருப்பது மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில், வெரிபீயில், புதிதாக வீடுகள் முளைத்த ஒரு பகுதியில். என் கணவர் குமரனுக்கு நகரத்தில் வேலை. ரயிலில் போய் வருகிற நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். ஒரு காலத்தில் இட்லி மெஷின் வீடியோ, பிறகு கோழி வளர்ப்பு. இந்த வருடம் தங்கம். விக்டோரியா மாநிலத்தில் யாரோ ஒருவர் தோட்டத்தில் தோண்டித் தங்கக்கட்டி எடுத்ததைப் பார்த்துவிட்டு, இணையத்தில் கனிமம் தேடும் அனுமதிச்சீட்டும் எடுத்துவிட்டார். அந்தச் சீட்டுக்கு இங்கே 'மைனர்ஸ் ரைட்' என்று பெயர். "இண்டையிலயிருந்து நானும் ஒரு மைனர்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீடு மாறிப் போன பக்கத்து வீட்டுக்காரர் தான் பாவித்த மெஷினை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குசினியில் நின்றேன். கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது. அவள் ஹோலில் பெட்டியைப் பிரித்து, பற்றரியைப் போட்டு, மெஷினைக் கார்ப்பெட்டுக்கு மேலே பிடித்திருக்கிறாள். கார்ப்பெட்டுக்குக் கீழே எங்கேயோ ஓர் ஆணி. மெஷின் கத்தியது.

அந்தச் சத்தத்தை நான் மெல்பேர்ணில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அசையாத!" என்று கத்தினேன். "காலைத் தூக்காத! நிண்ட இடத்திலயே நில்!"

ஆரணி அப்படியே நின்றாள். அவள் பயந்தது மெஷினுக்கு அல்ல, என் குரலுக்கு. என் கையில் அகப்பை இருந்தது. குழம்பு கார்ப்பெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவளுடைய கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, ஓரடி ஓரடியாக வந்துகொண்டிருந்தேன் என்று பிறகு அவள் சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

"அம்மா, ஆர் யூ ஓகே?"

மேல்மாடியிலிருந்து குமரன் ஓடி வந்தார். அவருக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது.

"ஆரணி, அதை நிப்பாட்டு. நிப்பாட்டி வெளியில கொண்டுபோய் வை." பிறகு என்னிடம், "நான் யோசிக்கேல்லையப்பா. உண்மையா நான் இதை யோசிக்கேல்ல. நாளைக்கே வித்துப்போடுறன்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் என்ன வேலை செய்தேன் என்று அவருக்குத் தெரியும். கலியாணம் பேசி வந்தபோதே தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று வீட்டுக்குள் எங்கே கிடக்கிறது என்பது இத்தனை வருடத்தில் அவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஆரணிக்கு மட்டும்தான் ஒன்றுமே தெரியாது. "நான் என்ன செய்தேன்?" என்று இங்கிலிஷில் இரண்டு தரம் கேட்டாள். நான் குனிந்து கார்ப்பெட்டில் சொட்டிய குழம்பைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2

"அம்மா ஊரில் ஒரு என்.ஜி.ஓ.வில் வேலை செய்தவர்." ஆரணிக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தது அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது அவள் அதைத்தான் எழுதினாள். பக்கத்தில் ஒரு மரமும் படமாகக் கீறியிருந்தாள். மரம் நடும் வேலை என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் வந்த புதிதில் இந்த நாட்டுக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்றில் ஒரு பெண்மணி கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, முன்பு என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். "மைன்ஸ்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கங்களுக்கு ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள், நல்ல சம்பளம், பெண்களை விரும்பி எடுக்கிறார்கள் என்றார். நான் தலையை ஆட்டி, கையால் நிலத்தைக் காட்டி, "நோ, நோ, கிளியரிங். கிளியரிங் மைன்ஸ்" என்றேன். "ஓ, கிளீனிங்!" என்று சொல்லி அதையே பதிந்துகொண்டார். அடுத்த கிழமை ஒரு கடைத்தொகுதியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. திருத்திச் சொல்ல எனக்கு அப்போது இங்கிலிஷும் இல்லை, தைரியமும் இல்லை. இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் பழைய வேலை இன்றுவரைக்கும் எங்கேயோ ஒரு கம்பியூட்டரில் கிளீனிங் என்றே கிடக்கும்.

யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து எங்களை வெளியே விட்ட பிறகு, எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு இருந்த நல்ல வேலை அதுதான். நிறையப் பேர் போனோம். புருசனை இழந்தவர்கள், அண்ணன் தம்பியைத் தொலைத்தவர்கள், வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லாதவர்கள். தடித்த அங்கி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி மூடி. அது மூச்சுப்பட்டு மங்கிவிடும். ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை, அதற்குள் ஒரு ஆள். முன்னால் ஒரு தடியைக் குறுக்கே வைத்து, அந்தத் தடிக்கு அப்பால் ஒரு சாண் நிலத்தை மெஷினால் தடவ வேண்டும். சத்தம் வராவிட்டால் தடியை அந்த ஒரு சாண் முன்னுக்கு நகர்த்தலாம். சத்தம் வந்தால் அந்த இடத்தில் குறி வைத்து, அதற்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளித் தோண்டத் தொடங்கி, பக்கவாட்டில் மெல்ல மெல்லப் போக வேண்டும். மேலிருந்து குத்தவே கூடாது.

சத்தம் வந்த இடத்தில் எல்லாம் வெடி இருந்துவிடாது. எங்களுக்குக் கிடைத்த பகுதி கடல்நீரேரிக் கரை. கடைசி நாட்களில் சனம் முழுக்க நெருங்கிக் கிடந்த இடம். அங்கே மெஷின் ஓயாமல் கத்தும். கரண்டி. சைக்கிள் செயின். பால்மா வந்த தகர ரின். தைக்கிற மெஷினின் சில்லு. வீட்டுப் பூட்டின் திறப்பு. எந்த வீட்டின் திறப்பென்று கேட்கக்கூட ஆள் இல்லாத திறப்புகள். ஒவ்வொன்றுக்கும் வெடிக்குக் காட்டுகிற அதே மரியாதையோடு, அதே பயத்தோடு, முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுவோம். எடுத்ததை மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கைப் பட்டி கட்டிய எல்லைக்கு வெளியே ஒரு அம்மா வந்து நிற்பார். வேலை முடிந்து போகும்போது எங்களைப் பார்த்து, "பிள்ளையள், இண்டைக்கு என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்பார். "ஒண்டும் இல்லையம்மா" என்று சொல்லச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு. அவர் சரி என்று போய்விட்டு அடுத்த நாளும் வருவார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்காது. ஏனென்றால் நானும் அதே கேள்வியோடுதான் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் வந்தேன். என் தம்பி சீலன் அந்தக் கரையில்தான் காணாமல் போனான். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று பதுங்குகுழியை விட்டு வெளியே போனவன். எங்கள் அம்மா செத்தது பிறகு, முகாமில். அவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் இல்லை. பெயர்ப் பதிவுகளில் இல்லை. வேலைக்குச் சேரும்போது, எந்தப் பகுதி விருப்பம் என்று கேட்டார்கள். நான் அந்தக் கரையைத்தான் சொன்னேன்.

3

சனிக்கிழமை முழுக்க ஆரணி என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. கோபம் இல்லை. முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் மறதி நோயாளியிடம் எப்படிக் கதைப்பார்களோ அப்படிக் கதைத்தாள். சத்தத்தைக் குறைத்து, சிரித்தபடி, என் கண்ணைப் பார்க்காமல். தேத்தண்ணி போட்டுத் தரவா என்று கேட்டாள். அவள் ஒரு நாளும் கேட்கிறவள் இல்லை.

பின்னேரம் குமரன் மெஷினை விற்கிறதுக்குப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். நான் கராஜ் வாசலில் போய் நின்றேன்.

"இஞ்சேருங்கோ, விக்க வேண்டாம். ஒருக்கா போவம்."

"எங்க?"

"நீங்கள் எங்கையோ ஒரு ஏரி எண்டு சொன்னனீங்கள் எல்லே. அங்க."

"நீர் உண்மையாத்தான் சொல்லுறீரோ? உமக்கு ஏலுமோ?"

ஏலுமா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சாமான் விற்றுப் போனாலும், என்னை நோயாளியாகப் பார்க்கிற அந்தப் பார்வை ஆரணியிடம் மிஞ்சிவிடும் போல இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு விடியப்புறமே வெளிக்கிட்டோம். மேற்குப் பக்கம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வழி நெடுகப் பனி. ஆரணி முன் சீட்டில் காதில் பாட்டோடு நித்திரை. இங்கே மே மாதம் குளிர். மற்ற வருடங்களில் இந்த நாட்களில் குமரன் யுத்தத்தில் செத்தவர்களுக்கான நினைவுக் கூட்டத்துக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார். நான் போகிறதில்லை. வேலை என்று சொல்லிவிடுவேன்.

ஏரி என்றதும் நான் நன்னீர் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்துக் குளம் மாதிரி, தாமரையும் வரம்பும் இல்லாவிட்டாலும், குடிக்கக்கூடிய தண்ணியாக. கார்க் கதவைத் திறந்ததும் உப்பு மணம் முகத்தில் அடித்தது. உப்பும் சேறும் அழுகிய பாசியும் கலந்த மணம். மழை குறைந்து தண்ணி உள்ளே இழுத்துப் போயிருந்தது. அகலமான சாம்பல் நிற மணல்கரை. விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. தூரத்தில் கறுப்பு அன்னங்கள். அன்னங்களை மட்டும் எடுத்துவிட்டால் அது எங்கள் கடல்நீரேரிதான்.

"நீர் காருக்குள்ளயே இரும்" என்றார் குமரன் என் முகத்தைப் பார்த்து.

அவரும் ஆரணியும் கரையில் இறங்கினார்கள். அவர் மெஷினை விளக்குமாறு மாதிரி வீசிக்கொண்டு நடந்தார். சத்தம் வரும்போதெல்லாம் காலால் மண்ணைக் கிளறினார். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்க முடியாமல் மற்றப் பக்கம் திரும்பினேன். பியர் ரின் மூடி, ரின்னைத் திறக்கிற வளையம், மீன்பிடிக்கிற ஈயக்குண்டு. ஒவ்வொன்றுக்கும் அப்பாவும் மகளும் சிரிக்கிறது கேட்டது. நல்ல சிரிப்பு. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக் கன நாள்.

கொஞ்ச நேரத்தில் ஆரணி ஓடிவந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அம்மா, தேர்ஸ் எ மேன். அவர் கையால டிக் பண்ணுறார். ஹீஸ் க்ரையிங், ஐ திங்க்."

4

பற்றைகளுக்கு அப்பால், தண்ணி விளிம்போடு, ஒருவர் முழங்காலில் இருந்தார். குசினியில் மா அரிக்கிற அரிதட்டு ஒன்று பக்கத்தில். மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அதில் போட்டு அரித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை உடுப்பு, ஒளிரும் பட்டி வைத்த ஜக்கெற். நாங்கள் கிட்டப் போனதும் தலையை நிமிர்த்தி "ஸொறி" என்றார். ஒன்றும் பிழை செய்யாமலே ஸொறி சொல்கிற அந்தத் தொனியிலேயே அவர் எங்கள் ஆள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"தமிழோ தம்பி?"

"ஓம் அக்கா."

"என்னத்தைத் துலைச்சனீங்கள்?"

"அம்மான்ர மோதிரம்."

பெயர் ஜெகன் என்றார். பக்கத்துப் பட்டணத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அகதியாகப் படகில் வந்தவர். வந்து கன வருடம், இன்னும் முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாதான். போன மாதம் ஊரில் தாய் செத்துவிட்டார்.

"போகேலாமல் போச்சோ?" என்றார் குமரன்.

"போகலாம் அண்ணை. திரும்பி வரேலாது. கேட்டு எழுதினன். கேஸ் முடியேல்ல எண்டு பதில் வந்தது, அவ்வளவுதான்." மண் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்தார். "செத்தவீட்டையும் போனிலதான் பாத்தனான். தங்கச்சி அம்மான்ர மோதிரத்தை இஞ்ச வந்த ஒரு ஆளிட்டக் குடுத்து விட்டவள். நேற்று அம்மா செத்து முப்பத்தொண்டாம் நாள். ஐயர் அங்கயிருந்து வீடியோவில மந்திரம் சொன்னவர், நான் இஞ்ச இந்தத் தண்ணியில முழுகினனான். மோதிரத்தைக் கறுத்த நூலில கோத்துக் கழுத்தில போட்டிருந்தன். வீட்டை போய்ப் பாத்தா நூல் இல்லை."

இரவு ரோர்ச் வெளிச்சத்தில் வந்து தேடியிருக்கிறார். விடிந்ததும் திரும்ப வந்திருக்கிறார். மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும்.

குமரன் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானே கையை நீட்டி வாங்கினேன்.

பிடி கைக்குள் வந்ததும் தோள் தானாக இறங்கிக்கொண்டது. எங்கள் வேலை மெஷினைவிட இது பாரம் குறைவு. ஆனாலும் கை அதன் உயரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. கண்ணை மூடவில்லை. மூடினால் அந்த வெயில் வந்துவிடும் என்று தெரியும்.

"எல்லாரும் எனக்குப் பின்னால வாங்கோ" என்றேன். "தம்பி, நீங்களும். இனி மண்ணைத் தொட வேண்டாம். ஆரணி, அந்தத் தடியளைப் பொறுக்கிக்கொண்டு வா."

கரையில் ஒதுங்கிக் கிடந்த தடிகளால் அவர் முழுகின இடத்தைச் சுற்றி எல்லை போட்டேன். அதைப் பாதைகளாகப் பிரித்தேன். ஒரு தடியைக் குறுக்கே வைத்து முழங்காலில் இருந்தேன். ஈரமணல் காற்சட்டைக்குள்ளால் சில்லிட்டது. அங்கே மண் சுடும். அந்த வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தடவத் தொடங்கினேன்.

மூடிகள் வந்தன. ஒரு ஐந்து சதம். ஒரு விளையாட்டுக் கார், சில்லு இல்லாமல். ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்துதான் தோண்டினேன். வேறு மாதிரித் தோண்ட எனக்கு வராது. குமரன் ஒரு தரம், "கெதியாத் தோண்டலாமேயப்பா, இது..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆரணி காதில் இருந்ததைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்துவிட்டாள். நான் கேட்காமலே, முடிந்த பாதையின் தடியை எடுத்து அடுத்ததற்கு வைத்தாள்.

"அம்மா, எங்க பழகினீங்க இது?" தமிழில் கேட்டாள்.

நான் மண்ணைப் பார்த்தபடியே சொன்னேன். யாரிடமும் இப்படி நேரடியாகச் சொன்னதில்லை. நிலத்துக்குக் கீழே வெடி புதைத்திருந்தார்கள், சனம் திரும்பிப் போய் வீடு கட்ட முதல் அதை எடுக்க வேண்டும், நாங்கள் எடுத்தோம் என்றேன். ஒரு பிழை விட்டால் கையோ காலோ போகும் என்றேன். எங்களோடு வேலை செய்த ஒரு பெண்பிள்ளைக்கு அப்படிப் போனது என்றும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தடியை நேராக வைத்தாள். பிறகு, "அதாலதான் என்னை அசையாத எண்டு சொன்னீங்க" என்றாள்.

"ஓம்."

கடைசிப் பாதையும் முடிந்தது. மோதிரம் இல்லை. தண்ணிக்குள்ளும் முழங்கால் அளவுக்கு இறங்கிப் பார்த்தேன். கால் விறைத்துப்போனது.

"தம்பி, இந்த இடத்தில இல்லை."

"இஞ்சதான் அக்கா முழுகினனான். இஞ்சதான் விழுந்திருக்கும். இன்னொருக்காப் பாருங்கோ."

"இஞ்ச இருந்தா சத்தம் கேட்டிருக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" சட்டென்று குரலை உயர்த்திவிட்டார். "எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள். இல்லை, இல்லை எண்டு. எல்லா இடத்திலயும் இதே பதில்தான்!"

குமரன் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி மறித்தேன். பட்டிக்கு வெளியே நின்ற அந்த அம்மா ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

"தம்பி, இதில இரும். தண்ணியால ஏறி வந்து என்ன செய்தனீர் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லும். குளிரெல்லே. துடைச்சனீரோ?"

"ஓம்... துவாய் எடுத்துத் துடைச்சன்."

"எங்க நிண்டு?"

"இஞ்ச..." யோசித்தார். "இல்லை. காத்து அடிச்சது. அந்தப் பற்றைக்கு மறைவாப் போனனான். போன் அங்க ஒரு கொப்பில சாத்தி வைச்சிருந்தன். ஐயர் லைனில இருந்தவர்."

"துவாயை உதறினனீரோ?"

அவர் எழுந்து பற்றையைப் பார்த்தார்.

பற்றையடியில் மண் கடினம், சுள்ளியும் காய்ந்த இலையும். திரும்பவும் தடி வைத்துத் தொடங்கினேன். வேர்களுக்கு அருகே மெஷின் சின்னதாக, மெல்லிசாகச் சத்தம் போட்டது. மூடிகளுக்கு வந்த முரட்டுச் சத்தம் இல்லை. குறி வைத்தேன். இந்தப் பக்கம் தள்ளி, விரலால் இலையை ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் கறுத்த நூல் தெரிந்தது. நூலைப் பிடித்து இழுக்கவில்லை. அதன் வழியே போனேன். வேருக்கும் கல்லுக்கும் இடையில், கல் வைக்காத, உள்பக்கம் தேய்ந்து மெலிந்த மோதிரம்.

நான் அதைத் தொடவில்லை. "வந்து எடும் தம்பி" என்றேன்.

ஜெகன் வந்து எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அப்படியே நிலத்தில் குந்தி, நெற்றியை என் தோளில் வைத்து அழுதார். "அக்கா, அக்கா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. சீலன் இருந்தால் இவருடைய வயதுதான் இருக்கும். கழுத்தின் பின்பக்கம் மயிர் நரைக்கத் தொடங்கியிருந்தது. சீலனுக்கு நரைக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் அதற்குள்ளே சொல்லக்கூசுகிற ஒரு பொறாமையும் இருந்தது. இவருக்கு ஒரு காலையில் கிடைத்துவிட்டது.

போகும்போது வேலைத்தலத்தில் தருகிற இறைச்சி கொஞ்சம் வீட்டில் இருக்கிறது, வந்து கொண்டுபோங்கோ என்று வற்புறுத்தினார். இன்னொரு நாள் வாறம் என்றோம். மோதிரத்தை இந்த முறை நூலில் போடவில்லை. சுண்டுவிரலில் போட்டுக் கையை மூடிக்கொண்டு நடந்தார்.

5

திரும்பும்போது ஆரணி முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் என்னோடு வந்து இருந்தாள். ஈரக் காற்சட்டையோடு இருந்த என் முழங்கால்களில் தன் ஜக்கெற்றை விரித்தாள்.

கொஞ்சத் தூரம் வந்ததும் கேட்டாள். இங்கிலிஷில்தான். ஜெகனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது நீங்கள் யாரை நினைத்தீர்கள் என்று.

பிள்ளைகள் நாங்கள் நினைக்கிற இடத்தைப் பார்ப்பதில்லை. வேறெங்கோ பார்த்துவிடுகிறார்கள்.

சொன்னேன். உனக்கு ஒரு மாமா இருந்தவர். சீலன். எனக்கு இளையவர். யுத்தத்தின் கடைசி நாட்களில் தண்ணி எடுக்கப் போனவர், வரவில்லை. நான் அந்தக் கரையில் வேலைக்குப் போனது அவருடைய ஏதாவது ஒன்று கிடைக்கும் என்றுதான். கிடைக்கவில்லை.

கண்ணாடியில் குமரன் என்னைப் பார்த்தார். அந்தக் கரையைக் கேட்டு வாங்கியதை அவருக்கும் நான் சொன்னதில்லை.

ஆரணி காலை முழுக்க மெஷினோடு நின்றவள். அவளுடைய கேள்விகள் மெஷினின் கேள்விகளாக வந்தன.

"அவர் வாட்ச் கட்டியிருந்தாரா?"

"இல்லை."

"செயின்?"

"அதெல்லாம் முன்னமே வித்துச் சாப்பிட்டாச்சு."

"பெல்ட்?"

"சாரம் கட்டியிருந்தவர். சேட்டில பிளாஸ்ரிக் பொத்தான்."

"தண்ணி எடுக்கக் கொண்டுபோன வாளி?"

"வாளி இல்லை பிள்ளை. கான். மஞ்சள் பிளாஸ்ரிக் கான். மண்ணெண்ணெய் வாற கான்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்வெளிகளும் செம்மறிகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பிறகு மெதுவாக, யாருக்கும் சொல்லாத மாதிரி, இங்கிலிஷில் சொன்னாள்: "அப்படியென்றால், நீங்கள் அவருக்கு மேலாலேயே போயிருந்தாலும் மெஷின் சத்தம் போட்டிருக்காது."

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமரன் காரை ஓரத்தில் நிறுத்தினார்.

இத்தனை வருடமாக என்னை இரவில் எழுப்புவது அதுதான். வெடிச் சத்தமோ, பிணங்களோ, கையை இழந்த பிள்ளையோ எழுப்புவதில்லை. சத்தம் வராத நிலம்தான் எழுப்பும். ஒவ்வொரு சாணாகத் தடவி, ஒன்றும் இல்லை என்று தடியை முன்னுக்கு வைத்த அந்த நிலம். அது முடிந்தது, சனம் குடியிருக்கலாம் என்று நாங்கள்தான் கையெழுத்து வைத்தோம். இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன. முற்றம் கூட்டுகிறார்கள். பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். இந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் சொல்கிறவர் வாயாலேயே அது உண்மையாகிவிடும் என்று. அன்றைக்கு என் மகள் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள்.

"ஓம்" என்றேன். "ஓம் பிள்ளை. போட்டிருக்காது."

ஒரு பெரிய லொறி கடந்து போனபோது கார் ஆடியது. குமரன் ஸ்ரேரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆரணி வாயிலிருந்து கையை எடுத்தாள். தமிழைத் தேடித் தேடிக் கேட்டாள்: "மாமா... உயரமா?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதிவு எடுத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், அடி அங்குலத்தில். அவள் கேட்டது வேறு.

"நல்ல உயரம்" என்றேன். "உன்னை மாதிரி. பதுங்குகுழிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு திரிஞ்சு, வெளியில வந்தாலும் குனிஞ்சு கொண்டுதான் நடப்பான். அம்மா பேசுவா, நிமிந்து நடவடா எண்டு. பாட்டுப் படிப்பான், ஒரு பாட்டும் முழுசாத் தெரியாது. பல்லு மினுக்கச் சொன்னா..."

குமரன் மெல்லக் காரை எடுத்தார். ஜீலோங் தாண்டி, வெரிபீக்குத் திரும்புகிற சந்தி வரும்வரைக்கும் நான் கதைத்துக்கொண்டே வந்தேன். அவர் ரேடியோவைப் போடவே இல்லை.